வாங்கிக்கொள்ளத் தெரியாத வாத்தியார்

போன ஞாயிறு பூசை முடிந்ததும் சாந்தோம் குப்பத்துக்குப் போயிருந்தேன். கையில் ஒரு கம்பளி. என் நண்பன் சூசைக்குக் கொடுக்கப் போவதாகப் பெயர்... 'போதும், என்னோடு வீட்டுக்கு வா' என்று அவனை இழுத்து வரத்தான் போனேன்.

சூசை ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்தவன். ஏசுநாதர் ஏழையாக வாழ்ந்தார், நானும் அப்படியே என்று போன வருஷம் வேலையை விட்டான். வீட்டைத் தங்கைக்கு எழுதி வைத்தான். இப்போது ஓர் ஓலைக் குடிசை. விடியற்காலையில் மௌன ஜெபம். பிறகு பொழுதெல்லாம் குப்பத்து நோயாளிகளுக்குப் புண் கழுவிக் கட்டுவது. பைத்தியம் என்று மயிலாப்பூரில் பாதிப் பேர் சொன்னார்கள். அந்தப் பாதியில் நானும் உண்டு.

நான் போனபோது மீன் விற்கும் தனம் தன் குடிசை வாசலில் அவனை வழிமறித்து நின்றாள். உள்ளே அவள் புருஷன் — திருக்கை மீன் முள் குத்திக் கால் வீங்கி, ஜுரத்தில் முனகிக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரு நாள் போனா காலே போயிடும் தனம்," என்றான் சூசை.

"போவட்டும். உன் கட்டு வாணாம் வாத்தியாரே."

ஏன் இந்தக் கோபம்? கட்டுமரம் கரைக்கு வந்தால், கடலுக்குப் போக முடியாத வீட்டுக்கும் ஒரு கை மீன் வைப்பது அங்கே வழக்கம். சூசைக்கும் வைத்தார்கள். ஏழைகள் பங்கைத் தொடலாமா என்று அவன் தினமும் திருப்பிக் கொடுத்திருக்கிறான். எவ்வளவு உயர்ந்த எண்ணம், பாருங்கள்.

"ஒரு வருசமா எங்க கையால ஒரு வாய் துன்னல நீ. நாங்க மட்டும் உன்கிட்ட வாங்கிக்கினே இருக்கணுமா? நாங்க இன்னா பிச்சைக்காரங்களா?"

சூசையின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு அந்த மணலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"பசிக்குது தனம். சோறு போடு."

பழைய சோறு, நேற்றைய மீன் குழம்பு. தட்டை வழித்துத் தின்றான். தனம் வழிவிட்டாள். அவன் சீழை எடுத்துக் கழுவிக் கட்டும்வரை வெந்நீர்ச் சட்டியை நான் பிடித்துக்கொண்டேன். கம்பளி நோயாளியின் மேல் போயிற்று. நேற்று விசாரித்தேன், கால் தப்பிவிட்டது.

"வீட்டுக்கு வாயேன்டா," என்றேன், கிளம்பும்போது.

"வர மாட்டேன். இன்னிக்குத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கேன்."

இருப்பதை எல்லாம் விட்டுவிடுவதுகூட முடிந்துவிடுகிறது — கை நீட்டி வாங்குவதுதான் கஷ்டம். தனம் எனக்கும் நாலு மீனை இலையில் சுற்றி நீட்டினாள். 'வேண்டாம்மா, வீட்டில் இருக்கிறது' என்று ஆரம்பித்தேன்... சூசை முறைத்தான். வாங்கிக்கொண்டேன்.

ட்ராமில் லஸ் வரைக்கும் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை!