பொன்னுத்தங்கம் அக்கா ஓடிய நாள்

பொன்னுத்தங்கம் அக்காவைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலில் என் போனைத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழுந்து பார்க்கிறேன், கையில் இருப்பது என் போன் மாதிரியே இல்லை. அப்டேட் முடிந்தது என்று பெருமையாக ஒரு வரி காட்டியது. யாரைக் கேட்டு முடிந்தது என்று மட்டும் சொல்லவில்லை. அழைப்பு வந்தால் மேலே தள்ளி எடுத்தவன் நான். இப்போது பக்கவாட்டில் தள்ள வேண்டுமாம். நான் ஆசையாக வைத்திருந்த நாதஸ்வரம் போய், குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்திருந்தது. கூப்பிடுகிறவரின் முகம் முன்பெல்லாம் திரை நிறையத் தெரியும். அதையும் காணோம், பெயர் மட்டும் எறும்பு மாதிரி சின்ன எழுத்தில் ஊர்ந்தது. பல் தேய்த்து முடிப்பதற்குள் மூன்று பேருடைய அழைப்பைத் துண்டித்துவிட்டேன். அதில் ஒருவர் என் மாமனார். அவர் அதை இன்னும் மறக்கவில்லை.

எனக்கே இப்படி என்றால், அக்காவின் பாட்டைக் கேட்கவே வேண்டாம். ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில் இருக்கிறது எங்கள் பட்டாசு கம்பெனி. அதன் கேட்டைப் பார்த்துக்கொள்கிறவர் அக்கா. போனை யாரும் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. வெடிமருந்து புழங்குகிற இடம், அந்த விதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எண்பத்து நாலு பேரும் காலையில் வரிசையில் நின்று போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். தபாலாபீசில் இருப்பது போல அறை அறையாக அடித்த ஒரு மர ஷெல்பில் அக்கா அவற்றை வைத்துக்கொள்வார்.

அக்காவுக்குக் கையெழுத்து போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்து தெரியாது. ஆனால் எண்பத்து நாலு போனின் குரலும் தெரியும். சத்தத்தை வைத்து எந்தப் போன் என்பார், திரையில் தெரிகிற முகத்தை வைத்து யார் கூப்பிடுகிறார்கள் என்பார். அவருக்காகவே நாங்கள் எல்லோரும் வீட்டு ஆட்களின் படங்களைப் போனில் ஏற்றி வைத்திருந்தோம். அதற்கு அவர் ஒரு ஒழுங்கும் வைத்திருந்தார். ஒரே முகம் மூன்று தரம் அடுத்தடுத்து வந்தால்தான் எடுப்பார். அவசரம் என்று தெரிந்தால், தண்ணீர் கொண்டுபோகிற செல்லத்தாய் உள்ளே நடந்து வந்து சொல்லும். எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

இந்த வேலையை அக்காவுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரே கேட்டு வாங்கினார். பிறந்தது ஆலங்குளம் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஆமத்தூரில். பதினெட்டு வருஷம் எங்களோடு உள்ளேதான் இருந்தார், திரி வைக்கிற வேலை. ஒருநாள் அவருடைய அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து, கேட்டில் இருந்த அவருடைய போன் பதினோரு தரம் அடித்திருக்கிறது. அப்போதிருந்த வாட்ச்மேன் அதைக் கேட்டுக்கொண்டே பேப்பர் படித்திருக்கிறார். சாயந்திரம் போனை வாங்கிப் பார்த்து அக்கா ஆலங்குளம் போய்ச் சேர்ந்தபோது, அம்மாவை மயானத்துக்கு எடுத்து முடித்துவிட்டார்கள். கடைசியாக அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வாட்ச்மேன் வேலையை விட்டு நின்றதும், கூலி குறைவு என்று தெரிந்தே கேட்டுக்குப் போய் உட்கார்ந்தவர் அவர்.

எனக்கு ஒரே மகள், பாண்டிலட்சுமி, ஆறாவது படிக்கிறாள். அவளுக்கு வலிப்பு உண்டு. இரண்டு வருஷமாக வரவில்லை என்றாலும், வந்து ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டால் மூக்கில் அடிக்க ஒரு மருந்து டாக்டர் கொடுத்திருந்தார். அதில் ஒன்று பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சரின் பீரோவில் இருக்கும். என் மனைவி அழகுமீனா திருத்தங்கலில் லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்க்கிறாள். மிஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதனால் பள்ளிக்கூடத்துக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். பள்ளிக்கூடத்து நம்பருக்கு மகளின் பொக்கைவாய்ப் படத்தைப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்டேட் என் போனோடு நிற்கவில்லை. இருபது முப்பது பேரின் போன்கள் அதே வாரத்தில் மாறியிருந்தன. ஷெல்பில் இருபது இடத்திலிருந்து ஒரே சொட்டுச் சத்தம், ஒன்றிலும் முகம் இல்லை. அக்கா பாவம் என்ன செய்வார்? எது அவசரம் என்று தெரியாததால் அடித்ததை எல்லாம் எடுத்துவிட்டார். எங்களோடு வேலை பார்க்கிற ஊர்க்காவலன், காய்ச்சல் என்று சொல்லி மாமியார் வீட்டுக் கோயில் பொங்கலுக்குப் போகாமல் இருந்தவன். மாமியார் கூப்பிட்டபோது, அவருக்கு ஒன்றுமில்லை, தெம்பாக வேலை பார்க்கிறார் என்று அக்கா நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டார். பத்தரை மணி டீக்கு நாங்கள் கேட்டுக்கு வந்தபோது அங்கே ஒரே ரகளை. என் போனையும் எடுத்திருக்கிறார், என் அண்ணன் சும்மா பேசக் கூப்பிட்டது. அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் காலையிலிருந்து போனிடம் காட்ட முடியாத கோபத்தைக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"அக்கா, இனிமே எம் போனு அடிச்சா எடுக்காதீக. அது பாட்டுக்குக் கெடந்து அடிக்கட்டும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் என் போனைத் துடைத்து அதன் அறையில் வைத்தார்.

மத்தியானம் இரண்டே முக்காலுக்கு அந்தப் போன் அடித்தது. எடுக்காதே என்று நான் சொன்னதை அக்கா மறக்கவில்லை. ஆனால் அது நின்று, உடனே மறுபடியும் அடித்தது. அதற்கு மேல் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எடுத்து, பழக்கத்தில் மேலே தள்ளியிருக்கிறார், அது கேட்கவில்லை. மூன்றாம் தரம் எந்தப் பக்கம் தள்ளினார் என்று அவருக்கே தெரியாது, குரல் வந்துவிட்டது. பேசியது ஆர்த்தி டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு அந்த மாதம்தான் வந்தவர். பாண்டிலட்சுமிக்கு வலிப்பு வந்து நிற்கவில்லை, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, பெரிய டீச்சர் பயிற்சிக்குப் போயிருக்கிறார், அவர் போன் அணைந்து கிடக்கிறது, மருந்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இதுதான் செய்தி. செல்லத்தாய் தண்ணீர்க் குடத்தோடு கிழக்குக் கோடியில் இருந்தது. நான் மேற்குக் கோடியில் பதினாலாம் ரூமில் இருந்தேன். டீச்சரிடம் வைத்துவிடாதீர்கள் என்று சொல்லி, போனை மேஜைமேல் வைத்துவிட்டு, அக்கா ஓடி வந்தார். அந்த நேரத்திலும் அவர் போனை உள்ளே கொண்டுவரவில்லை.

பட்டாசு கம்பெனியில் யாரும் ஓட மாட்டார்கள். கூலி வாங்கவும் ஓட மாட்டோம், மழைக்கும் ஓட மாட்டோம். ஒருவர் ஓடினால் தீ என்றுதான் அர்த்தம், ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. ஐம்பத்து மூன்று வயசு அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்ததும், ரூம் ரூமாக ஆட்கள் எழுந்து வேலிப் பக்கம் ஓடினார்கள். நானும் ஓடினேன். அக்கா வருகிற பக்கம்தான் தீ என்று நினைத்து, அவருக்கு எதிர்ப்பக்கமாக ஓடினேன். அவர் கத்தினார். அவர் கத்தக் கத்த நான் இன்னும் வேகமாக ஓடினேன். முள்வேலிக்குப் பக்கத்தில் என் சட்டையை அவர் பிடித்தபோது தையல் கிழிந்தது.

"ஏலே, தீயில்லலே. ஒம் மகளுக்கு வலிப்புலே. மருந்து எங்கன இருக்குன்னு டீச்சரு கேக்காக."

கேட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. போன் மேஜைமேல் உயிரோடு இருந்தது. "காலண்டருக்குப் பின்னால ஆணியில சாவி இருக்கு டீச்சர். பீரோ மேல்தட்டுல நீல டப்பா. மூக்குல அடிங்க" என்றேன். அங்கே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு நிமிஷம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. பிறகு டீச்சர், உதறல் நிற்கிறது என்றார்.

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது என் மகள் டீச்சர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். விருதுநகரில் டாக்டர் பார்த்துவிட்டு, மருந்து நேரத்துக்குப் போயிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார். அழகுமீனா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

கம்பெனியில் அன்று அதற்கு மேல் வேலை நடக்கவில்லை. வேலியில் விழுந்து இரண்டு பெண்களுக்கு முழங்கால் சிராய்ப்பு. மேனேஜர் செந்தூர்பாண்டி கோபக்காரர், சும்மா பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அக்கா தானாகவே அவரிடம் போய், ஓடியது தப்புதான், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கேட் சாவியை மேஜையில் வைத்திருக்கிறார். மேனேஜர், பிள்ளை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டு, சாவியை அவர் பக்கம் தள்ளிவிட்டாராம். அவரைப் பற்றி அதுவரை நான் பேசியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அன்று அத்தனை பேர் முன்னால் பேசியது தப்பு, என் பிள்ளை இருக்கிறதென்றால் உங்களால்தான் என்று சொல்ல வேண்டும். அக்கா என்னைப் பேச விடவில்லை. பாண்டிலட்சுமியைப் பக்கத்தில் உட்கார வைத்து இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சரியாகச் சாப்பிடவில்லை என்று அவளைக் கோபித்துக்கொண்டார். நான் அக்கா, அக்கா என்று இரண்டு தரம் ஆரம்பித்தேன், இரண்டு தரமும் அவர் மகளின் தட்டில் இன்னொரு இட்லி வைத்தார்.

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எம்புட்டு வேகமா ஓடுதலே நீ. எங்க ஒன்னையப் பிடிக்க முடியாமப் போயிருமோன்னு பயந்துட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் நிறைந்திருந்தது.

நான் அவர் வீட்டு நடுவில் உட்கார்ந்து, என் மகள் பார்க்கப் பார்க்க அழுதேன்.