உட்கார்ந்தால் திறக்க முடியாத பை

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய தூண்டில் பையை அடுக்கியது. பின்லாந்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் துளையிட்டு, அந்தப் பையின்மேலேயே உட்கார்ந்து மீன் பிடிப்பார். நான் எடை பார்த்து அடுக்கினேன்.

“இன்ஜினியரம்மா, புழு டப்பா உள்ள இருந்தா நான் எத்தன தடவ எழுந்திரிக்கிறது? மீன் சிரிக்கும்.”

அப்பா டப்பாவை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அப்ப உள்ள எதுதான்ப்பா இருக்கணும்?”

“அங்க தேவப்படாதது.”

“தேவப்படாதத எதுக்குச் சுமக்கணும்?”

அவர் சிரித்துக்கொண்டே பையின் வாரை இழுத்துக் கட்டினார்.

அவர் இறந்து ஒன்பது நாளாகிறது. பதிலைத் தேடி இன்று பையைக் கவிழ்த்தேன். மாற்றுக் காலுறை, கயிறு, அடியில், நான் வைக்காத ஒன்று: பனி துளைக்கும் கருவியின் கத்தி. சுற்றியிருந்த தாளில் அவர் எழுதியிருந்தார்: ‘பக்கத்து வீட்டு ஐரியோட கத்தி. போகிற வழியில் தீட்டிக் கொடுக்கணும்.’

கத்தி இன்னும் மழுங்கலாகவே இருந்தது.