ஒன்பது விரல்களோடு கந்தளாய்க் குளத்துக்கு

காலை 5.40. திருகோணமலை பஸ் நிலையத்தில் கந்தளாய் பஸ்ஸின் மிதிபலகையில் கால் வைக்க முதலே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். போகிற தூரம் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர்தான். ஆனால் நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துறைமுகப் பட்டினத்தில் பிறந்து, பாடசாலை அலுவலகமொன்றில் இலிகிதராக இருந்து தலை நரைத்தும், கடலில் முழங்காலுக்கு மேல் நான் நனைந்தது கிடையாது. இப்படிப்பட்டவன் குளக்கரையில் நின்று தூண்டில் போடப் பழகப் புறப்பட்டதற்கு ஒரே காரணம் என் மச்சான் அன்ரன். அவனுக்குக் காவலாகத்தான் போனேன்.

அன்ரன் என் தங்கை றீற்றாவின் கணவன். வெல்டிங் கடை வைத்திருக்கிறான். ஓய்ந்த நேரமெல்லாம் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போடுவான். பத்து வருடமாக நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம். அதில் இரண்டு பாதங்களும் மரத்துப்போய்விட்டன. போன வருடம் பாறையில் ஒட்டியிருந்த சிப்பி வலது காலின் சின்னவிரலைக் கிழித்தது அவனுக்குத் தெரியவேயில்லை. வீட்டுக்கு வந்து விறாந்தையெல்லாம் இரத்தத் தடமாகக் கிடந்ததைப் பார்த்துத்தான் றீற்றா கத்தினாள். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தான். விரலை எடுத்துவிட்டார்கள். அதோடு கடலும் பாறையும் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மீன்பிடிக்காமல் இருக்கமாட்டேன் என்று இவன் ஒற்றைக்காலில் நின்றான். கடைசியில் கிளினிக் வரிசையில் பழக்கமான கந்தளாய் நிசார்தான் வழி சொன்னார்: குளத்தில் பாறை இல்லை, மண்தான், கரையிலேயே நின்று பிடிக்கலாம்.

புறப்படும்போது றீற்றா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒன்பது விரலோட கூட்டிக்கொண்டு போறீங்கள். ஒன்பதோட கொண்டுவந்து விடுங்கோ. சப்பாத்தைக் கழட்ட விடாதேங்கோ."

"ஓம் பிள்ளை," என்றேன். அந்த ஒரு "ஓம்" வழி முழுக்க என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

6.15. பஸ் கப்பல்துறையைத் தாண்டியது. கட்டணம் ஆளுக்கு 160 ரூபாய். என் மூங்கில் தடி யன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த கொண்டக்டர், "ஐயா, தடிக்கும் ஒரு டிக்கெட் கிழிக்கவோ?" என்று கேட்டார். அன்ரனிடம் தடி கிடையாது. கடல்காரர் வழக்கப்படி ஒரு வெறும் போத்தலில் தங்கூசி நூலைச் சுற்றி மடியில் வைத்திருந்தான். முன் இருக்கையில் இருந்த கந்தளாய்ப் பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

"குளத்துக்கோ போறீங்க?"

"ஓம் அக்கா."

"தண்ணி வத்திப் போய்க் கிடக்கு. முதலையெல்லாம் ஒரு இடத்தில சேர்ந்திருக்கும். கவனம் தம்பி."

அன்ரன் சிரித்தான். "திருக்கை வால் அடி வாங்கினவன் நான், அக்கா. முதலை என்ன செய்யும்?"

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிவிட்டார். தம்பலகாமம் சந்தி வரைக்கும் மனத்துக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

7.10. கந்தளாய். நிசார் ஆட்டோவோடு காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கிண்ணியாவில் பிறந்து கந்தளாயில் கல்யாணம் முடித்தவர். பகலில் ஆட்டோ ஓட்டம், விடியலில் தூண்டில். கடையில் பாணும் பருப்பும் சாப்பிட்டோம். மிஞ்சிய பாணின் மெத்தென்ற நடுப்பகுதியை அவர் ஒரு பையில் போட்டுக்கொண்டார், அதுதான் இரை.

குளக்கட்டைத் தாண்டி, செம்மண் பாதையில் ஆட்டோ குலுங்கிக்கொண்டு போனது. ஆவணி மாதம் என்பதால் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, கரை முழுக்கப் புல்தரையாகக் கிடந்தது. எருமைகள் மேய்ந்தன. பாதையோரம் யானை லத்தி, ஆவி பறக்காத குறை. நிசார் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்து, "விடிய வந்து போயிருக்கு. இனிப் பின்னேரம்தான் வரும்," என்றார். யானை நேரசூசி பார்த்துத்தான் நடக்குமா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

7.50. தண்ணீரிலிருந்து நூறு மீற்றர் தள்ளி ஒரு மருதமரத்தடியில் ஆட்டோவை விட்டோம். மரத்தின் கிளையில் ஒரு வெறும் மாச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார் நிசார். "பிடிக்கிற மீன் எல்லாம் உடனே இதுக்குள்ள வரணும். தண்ணிக்குக் கிட்ட மீன் வைக்கப்படாது. குடல் எடுக்கிறதும் இங்கதான்." பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நீர் விளிம்பிலிருந்து நான்கு பெரிய எட்டு எடுத்து வைத்துப் பின்னால் வந்து, ஈர மண்ணில் நீளமாக ஒரு கோடு கீறினார்.

"இந்தக் கோட்டுக்கு அங்கால கால் வைக்க ஏலாது. நூல் சிக்கினாலும் சரி, மீன் போனாலும் சரி. கால்மணிக்கு ஒருக்கா இடம் மாறுவம். ஒரே இடத்தில நிண்டா அது பார்த்துப் பழகிரும்."

"அது" என்றுதான் சொன்னார். முதலை என்ற சொல்லை அவர் அன்று தண்ணீர் ஓரத்தில் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. அதைக் கவனித்த பிறகு நான் கோட்டிலிருந்து இன்னும் ஓர் எட்டு பின்னால் தள்ளி நின்றேன்.

பழகப் போகிறவர்களுக்கு நிசார் சொல்லித்தந்ததை அப்படியே தருகிறேன். நடுங்கிக்கொண்டு கேட்டதால் ஒன்றும் மறக்கவில்லை. வெயில் முகத்தில் விழும்படி நிற்கவேண்டும். முதுகில் விழுந்தால் நம் நிழல் தண்ணீரில் நீண்டு மீன் ஓடிவிடும். காலைத் தொப்புத்தொப்பென்று வைக்கக்கூடாது. திலாப்பியாவுக்குச் சின்ன வாய், ஆகவே சின்ன முள் போதும். பாணை நனைத்துப் பிசைந்து கடலைப் பருமனில் உருட்டி, முள்ளின் நுனி மறையும்படி குத்தவேண்டும். குளத்தின் நடுவுக்கு எறிந்து வீரம் காட்டத் தேவையில்லை. பாசி முடிகிற ஓரத்தில் தக்கை மிதந்தால் போதும். தக்கை துடித்ததும் இழுத்தால் வெறும் முள்தான் வரும். அது முழுதாகத் தாழும்வரை பொறுக்கவேண்டும். மீனைப் பிடிக்கும்போது தலையிலிருந்து வாலுக்குத் தடவி முதுகு முள்ளை மடக்கிப் பிடிக்கவேண்டும்.

"எல்லாத்துக்கும் முதல்ல ஒரு கத்தி வேணும்," என்று ஒரு சின்னக் கத்தியை என் கையில் தந்தார். "பழகிற ஆளுக்கு நூல் சிக்கத்தான் செய்யும் அண்ணன். அவிழ்க்கப் போகாதீங்க. வெட்டிட்டு வேற கட்டுங்க."

8.30. என் தக்கை தாழ்ந்தது. தடியைத் தூக்கினேன். உள்ளங்கையளவு திலாப்பியா ஒன்று வெயிலில் மினுங்கிக்கொண்டு வந்து என் சேட்டில் மோதியது. நான் "ஐயோ" என்று கத்தியது சந்தோஷத்திலா பயத்திலா என்று எனக்கே தெரியாது. ஒரு நிமிடம் எல்லாவற்றையும் மறந்துதான் போனேன். மீன்பிடிக்கிறவர்கள் ஏன் மறுபடி மறுபடி போகிறார்கள் என்பது அந்த ஒரு நிமிடத்தில் விளங்கியது.

அன்ரன் சொல்லவே வேண்டியதில்லை. போத்தலிலிருந்து நூலைச் சுழற்றி எறிவான், பத்து நிமிடத்துக்கு ஒன்று இழுப்பான். கோட்டுக்கு இப்பால்தான் நின்றான். சப்பாத்தும் காலிலேயே இருந்தது. நிசார் சொன்னபடி நான்கு முறை இடம் மாறினோம். மாறிய இடத்திலெல்லாம் அவர் புதிதாகக் கோடு கீறினார். மெல்ல மெல்ல என் நெஞ்சு ஆறியது. அதுதான் நான் விட்ட பிழை.

9.20. நிசார் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துவர ஆட்டோவடிக்குப் போனார். என் நூல் தலைமயிர்போல் சிக்கிப்போய்விட்டது. நான் குந்தியிருந்து, கத்தியால் அதை வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அன்ரன் கோட்டைத் தாண்டி முழங்காலளவு தண்ணீரில் நின்றான்.

"டேய், வெளிய வா!"

"முள் பாசியில மாட்டிப்போச்சு மச்சான். கழட்டிப்போட்டு வாறன். சப்பாத்து காலிலதான் கிடக்கு, பயப்பிடாதே."

அப்போதுதான் அவன் இடுப்பைக் கண்டேன். கடலில் நின்று பிடிக்கிற எங்கள் ஊர்க்காரர் பிடித்த மீனைச் செவுளால் கயிற்றில் கோத்து, அந்தக் கோர்வையை இடுப்பில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். மீன் சாகாது, கையும் ஓய்வாக இருக்கும். மாச்சாக்கு வரை ஒவ்வொரு மீனுக்கும் நடக்கப் பஞ்சிப்பட்டு, நாங்கள் பார்க்காத நேரத்தில் பிடித்த ஏழு மீனையும் அப்படிக் கோத்து, சேட்டுக்குக் கீழே மறைத்துக் கட்டியிருந்தான். நைலோன் கயிறு, இறுக்கமான முடிச்சு. உயிருள்ள மீன்கள் அவன் தொடையோரம் துடித்துக்கொண்டிருந்தன. முப்பது வருடப் பழக்கம் கைக்குள்ளேயே இருக்கும்போது ஒரு நாள் புத்திமதி என்ன செய்யும்?

கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசியது. பாசித் துண்டுகள், சருகுகள், நான் வெட்டிவிட்ட தக்கை எல்லாம் கிழக்கே ஒதுங்கிக்கொண்டிருந்தன. ஒரு கட்டை மட்டும் காற்றுக்கு எதிராக எங்கள் பக்கம் வந்தது.

கனவில் ஓட முடியாமல் நிற்போமே, அப்படி நின்றேன். அந்தக் கட்டை தாழ்ந்து மறைந்தது. தண்ணீர் மேல் ஒன்றுமே இல்லாமல் போன அந்தக் கணத்தைப்போல் பயங்கரமான எதையும் நான் வாழ்க்கையில் கண்டதில்லை.

எப்படி ஓடினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கோட்டைத் தாண்டியதும் தண்ணீருக்குள் இறங்கியதும் நினைவில் இல்லை. அன்ரனின் சேட்டுக் கொலரை நான் பிடித்த அதே நேரம் அவன் பக்கவாட்டில் இழுபட்டு, தண்ணீருக்குள் தொப்பென்று இருந்துவிட்டான். கயிறு விறைத்து நின்றது. மறுமுனையில் தண்ணீர் கலங்கி, ஒரு பெரிய வால் அதை அடித்தது. அன்ரன் என் கையோடு சேர்த்து இழுபட்டான். கத்தி என் வலது கையில்தான் இருந்தது. அறுத்தேன். ஒரு இழுவையில் அறுபடவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் கயிறு பட்டென்று அறுந்து, இருவரும் மல்லாந்து விழுந்தோம். குழந்தைகள்போல் பின்பக்கமாகவே தவழ்ந்து கரையேறி, கோட்டைத் தாண்டியும் நிற்காமல் மருதமரம் வரை போனோம்.

நிசார் போத்தலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவருக்கும் முகம் வெளிறியிருந்தது. "அல்லாஹ்தான் காப்பாத்தின," என்று மட்டும் சொல்லிக்கொண்டு அன்ரனின் தோளைத் தடவினார். பிறகு அவர் பார்வை கீழே போனது. நானும் பார்த்தேன். அன்ரனின் வலது காலில் சப்பாத்து இல்லை. சேற்றில் புதைந்து கழன்றிருக்கிறது. மரத்தடி வரை அவன் வந்த தடத்தில் புல்லெல்லாம் இரத்தம்.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை மச்சான். ஒண்டும் நோகேல்லை."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அது ஆறுதலான சொல். அவன் வாயிலிருந்து வந்தபோது பயம்தான் கூடியது. கடித்து எடுத்திருந்தாலும் இவன் நோகவில்லை என்றுதான் சொல்லுவான். அவனும் தன் காலைப் பார்க்கவில்லை. மேலே மரக்கிளையைப் பார்த்தபடி, "நீ பார்த்துச் சொல்லு," என்றான்.

காலை மடியில் எடுத்து வைத்தேன். கணுக்கால் வரை கறுப்புச் சேறு. சேற்றைத் தடவித் தடவி எண்ணினேன். மூன்றுதான் கைக்குத் தட்டுப்பட்டது. மறுபடி எண்ணினேன். மூன்று. நிசார் குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்து மெதுவாக ஊற்றினார். சேறு வழிந்து போக, பெருவிரலுக்குக் கீழே மடிந்து ஒட்டியிருந்த அடுத்த விரல் வெளியே வந்தது. நான்கு. இடது சப்பாத்தையும் கழற்றி எண்ணினேன். ஐந்து. இரத்தம் வந்தது குதிக்காலில். ஏதோ கட்டை கீறி, ஒரு அங்குல நீளத்துக்குப் பிளந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

10.15. கந்தளாய் ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, கட்டுக் கட்டிவிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றவேண்டும், காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்று தாதி கண்டிப்பாகச் சொன்னார். நிசார் ஆட்டோவுக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. பஸ் புறப்படும்போது, சாக்கில் இருந்த என் ஒரே மீனை வாழையிலையில் சுற்றி யன்னலால் தந்தார்.

"இதையாவது கொண்டு போங்க அண்ணன். கோட்டுக்கு இங்கால நிண்டு பிடிச்ச மீன்."

பிற்பகல் 12.30. திரும்பும் பஸ். தம்பலகாமத்து வயல்கள் வந்தபோது அன்ரன் மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், பிடிச்சு இழுக்கும்போது கால் எங்க கிடக்குது எண்டே எனக்குத் தெரியேல்லை. இருக்கோ இல்லையோ எண்டும் தெரியேல்லை. உன்ர முகத்தைப் பார்த்துத்தான் பயந்தனான்."

அவனுடைய கட்டுப் போட்ட காலைத் தூக்கி என் பையின்மேல் வைத்துவிட்டேன்.

ஊரில் இறங்கியபோது கடல் தெரிந்தது. எங்கள் கடலுக்கும் நான் பயம்தான். ஆனால் அது இரைந்து, நுரைத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரும். அந்தக் குளம் காலையில் எருமைகளுக்கும் கொக்குகளுக்கும் எனக்கும் ஒரே மாதிரி அமைதியாகத்தான் கிடந்தது.

2.00 மணிக்கு றீற்றா படலையைத் திறந்தாள். நான் நீட்டிய மீன் பொட்டலத்தை அவள் பார்க்கவில்லை. காலில் போட்டிருந்த கட்டைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் எடுத்த நாளிலிருந்து அன்ரன் அவள் கண்ணில் படாமல் காலை உடுத்திருக்கிற சாரத்துக்குள் இழுத்துக்கொள்கிற ஆள். அவள் மருந்து பூச வந்தால்கூட, "போடி, அப்பவே பூசினனான்தானே," என்று துரத்திவிடுவான். அன்றைக்கு விறாந்தைக் கதிரையில் இருந்து, சாரத்தை முழங்கால் வரை சுருட்டி, இரண்டு காலையும் அவள் முன்னால் நீட்டினான்.

"இந்தா, எண்ணு," என்றான்.

அவள் நிலத்தில் குந்தி, இடது பெருவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு வாய்விட்டு எண்ணினாள். எந்த விரலைத் தொடுகிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவள் ஒன்பது சொல்லும்வரை அவன் காலை இழுக்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.