அவள் வீட்டில் ஓடியது, என் வீட்டில் ஓடவில்லை

கடந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாவது கிழமை. சாய்ந்தமருதில் என் வீட்டில், ஒரு லெப்டொப்பால் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

நான் ஒரு ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே கல்வி டிப்ளோமாவும் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக எழுதிய ஆய்வறிக்கையை அந்த வியாழக்கிழமை மாலைக்குள் இணையத்தில் அனுப்பியாக வேண்டும். தவறினால் அடுத்த பிரிவினரோடு சேர்ந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்த வாரம் பார்த்துத்தான் ஹாட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியது. அறிக்கையை மட்டும் நகத்தளவுப் பென் டிரைவ் ஒன்றில் எப்படியோ பிரதி எடுத்துக்கொண்டேன். கடைசி இரண்டு பக்கம் இன்னும் எழுத வேண்டியிருந்தது. கணவரின் கணினியில் போட்டுப் பார்த்தால் என் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. ஆக, என் லெப்டொப்பைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பெரியநீலாவணையில் ஒரு பெண் வீட்டிலேயே கணினி திருத்துவாள். முப்பது வயதுக்குள் இருக்கும். எங்கள் பக்கத்து ஆசிரியைகள் பலரும் அவளிடம்தான் கொடுப்போம். லெப்டொப்பில் குடும்பப் படங்கள் எல்லாம் கிடக்கும், ஒரு பெண்ணின் கையில் கொடுப்பது மனதுக்கு நிம்மதி. திங்கட்கிழமை காலையில் கொண்டுபோனேன். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, கணினியை இயக்கும் சிஸ்டத்தையும் என் தமிழ் எழுத்துருக்களையும் ஏற்றி, பின்னேரம் என் கண் முன்னாலேயே போட்டுக் காட்டினாள். பளிச்சென்று திறந்தது.

வீட்டுக்கு வந்து, அலுமாரியில் பத்திரப்படுத்தியிருந்த பென் டிரைவைச் செருகி, சுவிட்சை அழுத்தினேன். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. சிஸ்டம் எதுவும் இல்லையாம். பத்துத் தடவை அணைத்துப் போட்டேன். பத்துத் தடவையும் அதே வரி.

செவ்வாய்க்கிழமை பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, பென் டிரைவை மறுபடி அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, கல்முனைச் சந்தி வெயிலுக்குள்ளால் ஸ்கூட்டியில் மறுபடி போனேன். அவள் வாங்கிச் சுவிட்சை அழுத்தினாள். திறந்தது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

“நேத்தெல்லாம் திறக்கல்ல,” என்றேன்.

“இப்ப ஓடுதுதானே டீச்சர். இரிங்க, இன்னும் கொஞ்ச நேரம் பாப்பம்,” என்று ஒரு மணித்தியாலம் வைத்துப் பார்த்தாள். அணைத்தாள், போட்டாள், மூடினாள், திறந்தாள். ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்து, பென் டிரைவைச் செருகிப் போட்டேன். கறுப்புத் திரை.

“ஊட்டுக் கரண்ட் பிழையா இரிக்கும்,” என்று கணவர் தன் பங்குக்குச் சொன்னார். அதையும் நம்பி லெப்டொப்பைக் குசினிக்குத் தூக்கிக்கொண்டு போய், குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு அதில் மாட்டினேன். மீன் குளிர் விட்டதுதான் மிச்சம்.

அந்தக் கோபத்தோடுதான் கைத்தொலைபேசியை எடுத்தேன். ஆசிரியைகளின் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். “பெரியநீலாவணையில நாம குடுக்கிற அந்தப் புள்ள, புதுசெண்டு சொல்லி ஆர்டயோ பழைய டிஸ்க்கப் பூட்டி உட்டிருக்கா. ஆரும் அவக்கிட்ட குடுத்துராதீங்க.” ஒரு நிமிடம் கூட இல்லை. போட்டதும் மனம் கொஞ்சம் ஆறியது. அதை இன்று நினைக்கத்தான் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை அவளுக்கு அழைப்பு எடுத்து, இனி நான் கொண்டுவர மாட்டேன், என் வீட்டுக்கு வந்து ஓட வைத்துக் காட்டுங்கள் என்றேன். “ஓம் டீச்சர், வாறன்,” என்றாள்.

பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்தவள் லெப்டொப்பைத் தொடவே இல்லை. “நீங்க ஒவ்வொரு நாளும் என்ன செய்வீங்களோ, அப்பிடியே செய்ங்க. நான் பாத்திட்டிருக்கன்,” என்றாள். நானும் அலுமாரியைத் திறந்து, பென் டிரைவை எடுத்துச் செருகி, சுவிட்சை அழுத்தினேன். கறுப்புத் திரை. “பாத்தீங்களா,” என்று நான் தொடங்கும் முன்பே, அவள் இரண்டு விரலால் அந்தப் பென் டிரைவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மறுபடி சுவிட்சை அழுத்தினாள்.

பளிச்சென்று திறந்தது.

அப்போதுதான் விளங்கியது. லெப்டொப் முதலில் பென் டிரைவுக்குள் சிஸ்டத்தைத் தேடியிருக்கிறது. அதில் என் அறிக்கையைத் தவிர வேறென்ன இருக்கும்? அங்கேயே நின்றுவிட்டது. பென் டிரைவை ஒரு நாளாவது அவளிடம் கொண்டுபோயிருந்தால் அங்கேயும் அப்படித்தான் நின்றிருக்கும்.

“என்டயும் பிழைதான் டீச்சர். சிஸ்டம் ஏத்தக்குள்ள முதல்ல பென் டிரைவப் பாக்கச் சொல்லி வெச்சன். பிறகு மாத்தி உட மறந்திட்டன்,” என்றாள். இரண்டு நிமிடத்தில் அதையும் சரிசெய்தாள்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“அந்த வொய்ஸ் எனக்கும் வந்திச்சி டீச்சர். நேத்துப் பின்னேரமே. காலையில ரெண்டு டீச்சர்மார் வந்து லெப்டொப்பத் திருப்பி எடுத்திட்டுப் போனாங்க.”

“அதக் கேட்டுட்டா வந்தீங்க?”

“நாளைக்கு நீங்க அனுப்போணுமே,” என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் முன்னாலேயே குழுவில் இன்னொரு பதிவு போட்டேன், பிழை என்னுடையது, அவள் பூட்டியது புது டிஸ்க்தான் என்று. குழுவில் கட்டை விரல்கள் வரிசையாக வந்தன. ஆனால் முதல் பதிவு எந்தெந்தக் குழுக்களுக்குப் போனது என்று எனக்கே தெரியாது. இரண்டாவது எங்கேயும் போனதாகத் தெரியவில்லை. அந்த இரண்டு ஆசிரியைகளின் வீட்டுக்கும் அன்று பின்னேரமே போனேன். ஒருவர் மறுநாளே லெப்டொப்பை மறுபடி அவளிடமே கொடுத்தார். மற்றவர், “எதுக்கும் பொறுத்துப் பாப்பம்,” என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அறிக்கையை வியாழக்கிழமை காலையிலேயே அனுப்பினேன். டிப்ளோமாவிலும் சித்தியடைந்தேன். அவள் அதன் பிறகு அந்தக் கதையை என்னிடம் எடுத்ததே இல்லை.

மூன்று மாதம் கழித்து அக்கரைப்பற்றில் ஒரு கல்யாண வீட்டில், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண், தன் மகளின் லெப்டொப் பழுதாகிவிட்டது என்றார். பெரியநீலாவணையில் கொடுக்கலாமே என்றேன்.

“அங்கயா? வேணாம் ராத்தா. அவ பழைய சாமானப் பூட்டிருவாவாம். ஒரு டீச்சரே சொல்லியிருக்கா.”

அந்த டீச்சர் நான்தான் என்று சொன்னேன். நடந்ததை முழுவதும் சொல்லி, அவளுடைய நம்பரையும் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், அழைத்தாரா தெரியாது. ஒரு நிமிடக் கோபத்தில் நான் பேசியது இன்னும் எத்தனை கல்யாண வீடுகளில் பேசப்படுகிறதோ, அங்கெல்லாம் போய் உண்மையைச் சொல்ல என்னால் முடியாது என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.