நுரைச் சேற்றின் மேல் வைத்த கல்

உடுப்பிட்டியிலிருந்து தினமும் சைக்கிளில் கடற்கரைக்குப் போய்வந்த காலம் அது. படகுத்துறையை ஆழமாக்கத் தோண்டிய சேற்றை எங்கேயும் கொண்டுபோய்க் கொட்டவில்லை. சீமெந்தும் நுரையும் கலந்து, புதிய துறைச்சுவருக்குப் பின்னால் தண்ணீருக்கடியில் குழாயால் இறக்கினோம். கலவை மெஷின் என் பொறுப்பு. அடியில் கிடப்பது இளகிய களி. கல்லும் மணலும் போட்டால் அந்தப் பாரத்தில் களி அமிழ்ந்து சுவரை வெளியே தள்ளிவிடும். அதற்காகத்தான் இந்தப் பாரமில்லாத கலவை. வேலை செய்து செய்து பிடிபட்டதை, கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன்.

அதிகம் கேட்டவர் துறைக்கு எதிர்வீட்டு அண்ணை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வள்ளம். பழைய துறை உடைந்து கிடந்ததால் போன மாரியில் அது கல்லில் மோதி முன்முனை அணியம் பிளந்தது. இந்த மாரிக்காவது சுவர் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

ஒருநாள் கலவையைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கள்ளு மாதிரி நுரைக்குது. உதையோ கடலுக்கை விடுறியள்?"

"ஓம் அண்ணை. இறுகின பிறகு பாருங்கோ."

"உது காத்துக்குப் பிறந்தது."

உள்ளீடு இல்லாத எதற்கும் அவர் வைத்த பேர் அது. கடைப் பாண் ரொட்டிக்கும் அதுதான், மருமகனின் கதைக்கும் அதுதான். நான் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பிறகு, தாழமுக்கம், புயலாகலாம் என்று வானொலி சொன்னது. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை, வேலை இல்லை. மறுநாள் காலை போனால், தண்ணீருக்கு மேல் நிரம்பியும் முற்றாக இறுகாத கலவையின் மேல் பழைய துறையின் கற்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. உழவு மெஷினும் பெட்டியும் பிடித்து, மருமகனையும் கூட்டி, அண்ணை பகல் முழுக்க ஏற்றியிருந்தார்.

"புயலுக்குக் கூரைத் தகரத்திலை கல்லு வைக்கிறேல்லையோ? உதையும் கடல் தூக்கிப்போடும் எண்டுதான்."

முகத்தில் உதவி செய்தவரின் களை. நேர் பார்க்கச் சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்த நூலைப் பார்த்தேன். சுவர் கடல்பக்கம் விலகி, இடையில் என் கை நுழைந்தது.

எஞ்சினியர் ஏசவில்லை. "மெஷின் ஏத்தாதேங்கோ. கையாலை இறக்குங்கோ," என்றார்.

மழைக்குள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினோம்.

"மாமாவுக்கு நேற்று உழவு மெஷின், இண்டைக்கு நாங்கள்," என்றான் மருமகன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடல் எழும்ப எழும்ப, ஒவ்வொருவராக வரிசையை விட்டு வள்ளங்களை அடுத்த ஊர்த் துறைக்குக் கொண்டுபோனார்கள். கடைசிக் கல் வரை அண்ணை நின்றார்.

கல் இறங்கியும் சுவர் நூலுக்குத் திரும்பவில்லை. மேலும் விலகவும் இல்லை. நிற்குமா என்று எஞ்சினியருக்கே தெரியவில்லை.

அண்ணை வள்ளத்தின் கயிற்றோடு வந்தார்.

"தம்பி, இதிலை கட்டட்டோ?"

எத்தனை பேருக்கு எத்தனை விளக்கம் சொன்னவன். அந்த ஒரு 'ஓம்' வரவில்லை.

"அடுத்த ஊருக்குக் கொண்டுபோங்கோ அண்ணை."

அவர் துறைவாயைப் பார்த்தார். அங்கே அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

"நான் வைச்ச கல்லுக்கு நான்தானே போகவேணும்," என்று சொல்லி எஞ்சினை இழுத்தார்.

வள்ளம் அந்த வெள்ளையைத் தாண்டும்வரை சுவரிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன்.