பேப்பர் கப்பில் சிவந்த மண்

காணை ஊருக்கு அந்தப்பக்கம், பெரிய ரோட்டிலிருந்து ஒரு காலனிக்குள் போகும் மண்பாதை அது. சுத்தக் களிமண். மழை பெய்தால் ஆட்டோக்காரர்கள் திருப்பத்திலேயே ஆளை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதைச் சரிசெய்யும் எங்கள் ரோட்டு வேலையில் மண்வெட்டி பிடித்த ஒரு அம்மாவின் மகளுக்கு அப்போது நிறைமாதம். "பொண்ணு புள்ளையோட வர்றப்போ ஆட்டோ எங்க வூட்டு வாசல்ல நிக்கணும்ணே. பச்ச ஒடம்புக்காரிய சேத்துல நடக்க வுடமாட்டேன்" என்று தினமும் காலையில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வேலையில் இறங்குவார்.

தார் கிடையாது. அந்த மண்ணிலேயே சுண்ணாம்புத் தூளைக் கலந்து, ரோலரால் அழுத்தினால் இறுகிவிடும் என்று இன்ஜினியர் சொன்னபோது சூப்பர்வைசரான நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஐம்பது வயதுவரை சுண்ணாம்பை வெற்றிலையிலும் சுவரிலும் மட்டுமே பார்த்தவன். முதல் நாள் தூளைப் பரப்பி, டிராக்டரில் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் மாட்டிப் புரட்டினோம். மதியம் ஒரு பிடி அள்ளினேன். காலையில் என் செருப்பைப் பிடுங்கிக்கொண்ட அதே களிமண், விரலில் ஒட்டாமல் புட்டு மாவாக உதிர்ந்தது. சோற்றை மறந்து அதையே உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மழை பிடித்தது. சுண்ணாம்பு எதுவரை போட்டோம் என்பதற்கு அடையாளமாக ஒரு குச்சியை நட்டு, என் துண்டைக் கட்டி வைத்திருந்தேன். முதல் துளி வழுக்கையில் விழுந்ததும் குச்சியோடு அதைப் பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டு ஓடியவனும் நான்தான்.

மறுநாள் காலையில் பாதை முழுக்க ஒரே நிறம். டிராக்டர்காரர் சுண்ணாம்பு போடாத பகுதியையும் சேர்த்துப் புரட்டி வைத்திருந்தார். தொட்டுப் பார்த்தேன். பயந்தவன் விரலில் எல்லா மண்ணும் ஒட்டியது. ஒரு ஆட்டோ நீளத்துக்குச் சுண்ணாம்பு விட்டுப்போனால் போதும், சக்கரம் சரியாக அங்கே போய்ப் புதையும். மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று சோதிக்கும் மருந்து இன்ஜினியரிடம் இருந்தது. அவர் திண்டிவனத்தில் இருந்தார்.

"காலிப் பைய எண்ணிப் பாரு சார்" என்றார் டிராக்டர்காரர்.

"பையெல்லாம் ராத்திரியே மழைக்கு மறைப்பா ஆட்டுக் கொட்டா மேல ஏறிடுச்சுப்பா" என்றேன்.

அந்த அம்மா வந்தார். "இன்னாண்ணே, மோதிரத்த தொலைச்சா மாதிரி குனிஞ்சிக்கினே போறீங்க?"

சொன்னேன்.

"துண்டு கட்டுனீங்களே?"

நான் தோளில் கிடந்த துண்டைத் தொட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். "அப்ப எம் பொண்ணு?"

நான் மறுபடி குனிந்து மண்ணைத் தடவினேன். அவரோ நேரே வீட்டுக்குப் போய், ஒரு குடம் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து எடுத்துவந்தார். "ஆரத்தி கரைச்சி பாத்ததே இல்லயா? மஞ்சத் தண்ணி செவக்கறது எதால? சுண்ணாம்பாலதான?"

டீ குடிக்கும் பேப்பர் கப்புகளைப் பாதையோரம் வரிசையாக வைத்தோம். ஐந்தடிக்கு ஒரு கை மண். ஒவ்வொன்றிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். மண் அடியில் இறங்கும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் கப் செங்கல் நிறத்தில் சிவந்தது. அடுத்ததும் சிவந்தது. அப்படியே சிவந்துகொண்டே போய், வேப்பமரத்துக்கு நேராக ஒரு கப் மஞ்சளாகவே நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் மஞ்சள். எத்தனையோ முறை எனக்கே ஆரத்தி சுற்றியிருக்கிறார்கள். மண்ணுக்குள் ஒளிந்திருப்பதை அது காட்டிக்கொடுக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அதாவது, இருக்கிற மயிருக்கு.

மதியம் இன்ஜினியர் வந்து தன் மருந்தைச் சொட்டினார். மண் ரோஜா நிறமானது. வேப்பமரத்தைத் தாண்டியதும் நிறம் வரவில்லை. கப்புகளைப் பார்த்து, "யார் பண்ணது?" என்றார். வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விக்கு "நான்தான் சார்" என்பேன். அந்த அம்மா பக்கத்திலேயே மண்வெட்டியோடு நின்றதால் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. மரத்திலிருந்து மீதிக்குச் சுண்ணாம்பு போட்டுப் புரட்டி, ரோலர் ஓட்டி முடித்தோம்.

சில வாரம் கழித்து, இரவெல்லாம் மழை பெய்த ஒரு காலையில் அந்த ஆட்டோ வந்தது. திருப்பத்தில் நிற்கவில்லை. வேப்பமரத்தருகே நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றது. மரத்தடியில் டயர் தடம்கூட இல்லை.

அந்த அம்மா மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் ஆரத்தி சுற்றி, தண்ணீரைப் பாதையில் ஊற்றினார். நான் பதறிப்போய், மண்ணில் என்ன நிறம் என்று குனிந்து பார்த்தேன்.

"நிமிருங்கண்ணே," என்றார். "இது திருஷ்டிக்கு."