நாக் சென்சாருக்கு அடியில் ஒரு வாஷர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: முட்டாள் நான்தான். மூன்று வாரம் ஊரையே சந்தேகப்பட்டேன். விட்டுவைத்தது ஒரே ஒரு ஆளை. அந்த ஆள் தினமும் காலையில் கண்ணாடிக்குள் நின்று என்னோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கேட்பவர்களிடம் கார் செய்கிறேன் என்பேன். உண்மையில் எட்டு வருடமாக நான் செய்வது, முன் சீட்டின் நான்கு போல்ட்டுகளை வாஷரோடு பூட்டுவது. பூட்டிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பூட்டியாயிற்று என்பதற்கு அதுதான் சாட்சி. என் ஷிப்ட்டுக்கு மஞ்சள், அடுத்த ஷிப்ட்டுக்கு வெள்ளை.

அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் என் நண்பன், தூத்துக்குடிப் பக்கம். ஷிப்ட் முடிகையில் போல்ட் பூட்டும் கன்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அதே இடத்தில் வேலையைத் தொடங்குவான். அவனுடைய பழைய பெட்ரோல் காரைத்தான் நான் வாங்கினேன்.

வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தேன். சீட் பூட்டுகிறவனுக்கு அதற்குள் ஒரு ஜோலியும் கிடையாது, ஆனாலும் திறந்தேன். இன்ஜினின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு சென்சார், ஒற்றை போல்ட்டில் உட்கார்ந்திருந்தது. வாஷர் இல்லை. வாஷர் இல்லாத போல்ட்டை நான் பூட்டியதே இல்லை. பயல் எங்கேயோ தொலைத்துவிட்டு மறைத்திருக்கிறான் என்று தோன்றியது. சென்சாருக்கு அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு வாஷர் போட்டு, பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன்.

அந்த வாரமே ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போது சத்தம் வந்தது. டிபன் டப்பாவில் காய்ந்த கொண்டைக்கடலையைப் போட்டுக் குலுக்கினது மாதிரி. ஆக்சிலேட்டரை மிதித்தால் வரும். காலை எடுத்தால் நிற்கும்.

"வண்டி எப்படி ஓடுது மக்கா?" என்று மறுநாள் கன்னை வாங்கும்போது அவன் சிரித்தபடி கேட்டான். எப்போதும் அப்படித்தான் சிரிப்பான். அன்றைக்கு மட்டும் அந்தச் சிரிப்பில் கூடுதலாக ஒரு பல் தெரிந்தது.

"ஓடுது" என்றேன்.

பெட்ரோலில் கலப்படம் என்று சந்தேகப்பட்டு பங்க்கை மாற்றினேன். சத்தம் மாறவில்லை. ஆக, அவன்தான்.

கேன்டீனில் நான் சிரிக்க வைக்கிற ஆள். "கார் வாங்கினேன்பா, கூடவே கிலுகிலுப்பை ஃப்ரீயா குட்தான்" என்றேன். டேபிளே சிரித்தது. சிரிப்பு கிடைத்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. "பழுதை மறைச்சு விக்கிறவன், லைன்ல டிஃபெக்ட்டை மட்டும் காட்டிக் குடுப்பானா?" என்று சேர்த்துக்கொண்டேன். அந்த மாதம்தான் லைன் லீடர் வேலைக்கு அவன் பெயர் போயிருந்தது. எனக்கும் தெரியும், சிரித்தவர்களுக்கும் தெரியும். இரண்டு நாளில் சூப்பர்வைசர் என்னைத் தனியாக நிறுத்தி, "அந்த வண்டி மேட்டர் நெஜமா?" என்றார். நான் உதட்டைப் பிதுக்கினேன். ஆமாம் என்று சொல்லியிருந்தாலே பரவாயில்லை.

கடைசியில் சுங்குவார்சத்திரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன்.

"இன்னா பிராப்ளம்?"

"ஏமாந்துட்டேன்ணே."

"அது வண்டில எந்தப் பக்கம் கீது?"

ஒரு மேட்டில் அவரே ஏற்றிப் பார்த்தார். பெட்ரோல் சீராக எரியாமல் கண்டபடி வெடிக்கிற சத்தம், நாக்கிங் என்றார். ஆயில் பார்த்தார், பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், ரேடியேட்டர் பார்த்தார். "முன்னாடி வெச்சினு இருந்தவன் நல்லா பாத்துக்கினுகீறான்பா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நண்பன் இவருக்கும் முன்கூட்டியே போன் போட்டிருப்பானோ?

"நீ எதுனா கை வெச்சியா?"

"சேச்சே" என்றேன். நான் செய்தது ரிப்பேர் அல்லவா.

அவர் டார்ச்சை இன்ஜினின் பக்கவாட்டில் அடித்து, "இந்த மஞ்சக் கோடு யார் போட்டது?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். போல்ட் தலையில் ஆடாமல் அசையாமல் இழுத்த மஞ்சள் கோடு. பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்துவிட்ட மார்க்கரால் கை தானாக இழுத்திருக்கிறது. இழுத்த நினைவுகூட இல்லை. அவன்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் கோடு வெள்ளை. வாயை மூடிக்கொண்டேன்.

"இது நாக் சென்சார், இன்ஜினோட காது மாதிரிப்பா. நாக்கிங் வந்தா கேட்டு கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அது ஸ்பார்க் டைமிங்க கொறைச்சு சரி பண்ணிக்கும். இது நேரா இன்ஜின் மேல ஒட்டி ஒக்காரணும். நீ நடுவுல தகடு வெச்சா அது எப்படிக் கேக்கும்?"

இரண்டு வாஷரையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சென்சார் உட்காரும் இடத்தைத் துடைத்து, அளவு காட்டும் ஸ்பேனரால் போதுமான அளவுக்கு மட்டும் இறுக்கினார். மறுபடி மேட்டில் ஏற்றினோம். சத்தம் இல்லை. நானும் நாலு தடவை ஏற்றினேன். ஒரே ஒரு முறையாவது வந்து தொலையாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். வந்தால் நான் யோக்கியன். வரவில்லை.

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரம். லீடர் பெயர் அன்று மாலை முடிவாகும் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். வேறு யார் பெயரோ அடிபட்டது. அவன் வந்து கையை நீட்டினான். கன்னைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன்: வாஷர், மஞ்சள் கோடு, கேன்டீன், பிதுக்கிய உதடு. கடைசியில் சொல்ல ஒரு ஜோக்கும் தயாராக வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். "தப்புதான்டா" என்றேன்.

அவன் கன்னை என் கையிலிருந்து உருவிக்கொண்டான்.

"எங்கிட்ட எதுக்குல சொல்லுத, சூப்பர்வைசர்ட்ட போய்ச் சொல்லு."